சிசிஎன்பி என்கோர் பரீட்சை: எந்த ஒழுங்கில் படிப்பது, எங்கே வழுக்கும்

சிஸ்கோ நிறுவனம் நெட்வேர்க் பொறியியலாளர்களுக்குத் தரும் சிசிஎன்பி என்டர்பிரைஸ் சான்றிதழுக்கு இரண்டு பரீட்சை எழுத வேண்டும். ஒன்று எல்லோருக்கும் பொதுவான 350-401 என்கோர், மற்றது நீங்களே தெரிவு செய்யும் ஒரு சிறப்புப் பாடம். இந்த வழிகாட்டி என்கோருக்கு மட்டும்.

கொழும்பில் என்னோடு சேர்ந்து படித்தவர்கள், பிறகு சந்தேகம் கேட்டு வந்த தம்பி தங்கச்சிமார், அநேகமாக எல்லாரும் தடுக்கி விழுந்தது ஒரே இடத்தில்தான். பாடம் விளங்காமல் இல்லை, படித்த ஒழுங்குதான் தலைகீழ். முதலில் வீடியோ, அடுத்தது கேள்வி வங்கி, லேப், அதாவது கையால் கட்டிப் பார்க்கும் பயிற்சி, நேரம் இருந்தால் கடைசியில். இந்த ஒழுங்கைத் திருப்பிப் போடுங்கள் என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

வேலைக்குப் போய்க்கொண்டே, அதிலும் நொக்கில் (நெட்வேர்க்கைக் கண்காணிக்கும் மையம்) ஷிப்ட் பார்த்துக்கொண்டே படிப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அப்படிப்பட்ட ஒருவருக்கு ஐந்தாறு மாதம் நியாயமான காலம். இரண்டு மாதத்தில் முடிக்கலாம் என்று விளம்பரம் செய்கிற வகுப்புகளை நம்பிப் பணத்தைக் கட்டி விடாதீர்கள்.

1. அத்திவாரத்தைச் சோதித்துப் பாருங்கள்

சிசிஎன்பிக்குச் சிஸ்கோ எந்த முன்நிபந்தனையும் வைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்படியான சிசிஎன்ஏ சான்றிதழ் இல்லாமலே நேரே போய் எழுதலாம். அதற்காக சிசிஎன்ஏ பாடம் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், என்கோர் பாடம் அதெல்லாம் உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று எண்ணிக்கொண்டுதான் தொடங்கும்.

மூன்று சோதனை செய்து பாருங்கள். 172.16.37.200/21 எந்த நெட்வேர்க்கில் இருக்கிறது, அதன் பிரோட்காஸ்ட் எது என்று பேப்பர் இல்லாமல் சொல்ல வேண்டும் (172.16.32.0, 172.16.39.255). அடுத்து, கட்டமைப்பே (கொன்ஃபிகரேஷன்) இல்லாத மூன்று ரவுட்டர், இரண்டு சுவிட்சில் விலான், ட்ரங்க், ஒற்றை ஏரியா ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தமக்குள் பாதைகளைக் கற்றுக்கொள்ளும் முறை) எல்லாவற்றையும் யாருடைய உதவியும் இல்லாமல் போட்டு பிங் எடுக்க வேண்டும். மூன்றாவது, ரவுட்டிங் டேபிளில் [110/3] என்று ஒரு வரியில் இருந்தால் 110 எது, 3 எது, இந்த 3 எப்படி வந்தது என்று விளக்க வேண்டும்.

மூன்றில் ஒன்று தடுமாறினாலும் ஒரு மாதம் சிசிஎன்ஏக்குத் திரும்பிப் போங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, அந்த ஒரு மாதம் பின்னால் இரண்டு மாதத்தை மிச்சப்படுத்தித் தரும்.

2. பிளூபிரிண்டைப் பிரித்து வையுங்கள்

பாடநூலைத் திறக்கும் முன் சிஸ்கோவின் தளத்தில் என்கோர் பரீட்சைத் தலைப்புப் பட்டியலை இறக்கி அச்சிடுங்கள். அதுதான் பிளூபிரிண்ட். அதில் பதிப்பு எண் இருக்கும். 2023 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த 1.1 பதிப்பில் உட்கட்டமைப்புக்கு 30 சதவீதம், பாதுகாப்புக்கு 20, நெட்வேர்க் வடிவமைப்புக்கு (ஆர்க்கிடெக்சர்) 15, ஓட்டோமேஷனுக்கு 15, வேர்ச்சுவலைசேஷனுக்கு 10, நெட்வேர்க் கண்காணிப்புக்கு 10. பதிப்பு மாறும்போது தலைப்புகள் வரும், போகும். நீங்கள் எழுதப்போகும் திகதிக்கு உரிய பதிப்பையே பாருங்கள், நண்பன் போன வருடம் தந்த பிடிஎஃப்பை அல்ல.

இப்போது மூன்று நிறப் பேனா எடுங்கள். ஒவ்வொரு தலைப்பின் தொடக்கத்திலும் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று போட்டிருக்கும். கட்டமைத்துச் சரிபார்க்கச் சொன்னால் ஒரு நிறம். விளக்கவோ ஒப்பிடவோ சொன்னால் இன்னொரு நிறம். தரப்பட்ட ஒரு வெளியீட்டையோ நிரலையோ வாசித்துப் பொருள் சொல்லச் சொன்னால் மூன்றாவது நிறம். முதல் நிறத்துக்குக் கட்டாயம் லேப். இரண்டாவதற்கு வாசிப்பும் ஒப்பீட்டு அட்டவணையும் போதும். மூன்றாவதற்கு நிறைய வெளியீடுகளைப் பார்த்துக் கண் பழக வேண்டும்.

இதைச் செய்யாமல் தொடங்குகிறவர்கள் எங்கே மாட்டுகிறார்கள் என்று பார்த்தால், அநேகமாக ஓஎஸ்பிஎஃப் போன்ற இன்னொரு ரவுட்டிங் முறையான இஐஜிஆர்பியில். பழைய வீடியோக்கள் அதற்கு மணிக்கணக்கில் நேரம் ஒதுக்கும். 1.1 பிளூபிரிண்ட் கேட்பதோ ஓஎஸ்பிஎஃப்போடு அதை ஒப்பிடத் தெரிகிறதா என்று மட்டும். அதே மாதிரி, நிறுவனங்களின் நெட்வேர்க்குகளுக்கு இடையே பாதை பரிமாறும் பிஜிபியில் நேரடியாக இணைந்த அயலவர்களுக்கு இடையிலான ஈபிஜிபியும் சிறந்த பாதையைத் தெரிவு செய்யும் முறையும்தான் வேண்டும். ரூட் ரிஃப்ளெக்டர் போன்ற பிஜிபியின் மற்றப் பகுதிகளில் இரண்டு வாரம் செலவழிப்பவர் வேறு பரீட்சைக்குப் படிக்கிறார்.

3. லேப் மெஷினைத் தயார் செய்யுங்கள்

சிஸ்கோவின் பயிற்சி மென்பொருளான பாக்கெட் ட்ரேசர் சிசிஎன்ஏவோடு முடிந்தது. அதில் இருப்பது சிஸ்கோ சாதனங்களில் ஓடும் உண்மையான ஐஓஎஸ் மென்பொருள் இல்லை, அதைப் போலச் செய்வதுதான். சிசிஎன்பிக்கு வேண்டிய பல கட்டளைகள் அதில் வேலை செய்யாது, கட்டளையை எடுத்துக்கொண்டாலும் வெளியீட்டில் பாதி விவரம் இருக்காது.

நான் முதலில் சொல்வது சிஎம்எல், அதாவது சிஸ்கோ மொடலிங் லேப்ஸ். அதன் இலவசப் பதிப்பில் ஒரே நேரத்தில் 5 சாதனம் ஓட்டலாம். பணம் கட்டும் தனிநபர் பதிப்பில் 20. தொடங்குகிறவருக்கு 5 போதும், பிஜிபிக்கு வரும்போது இடிக்கும். ஈவிஇ-என்ஜி, ஜிஎன்எஸ்3 இரண்டும் நல்ல கருவிகள்தான், ஆனால் அவற்றுக்கு ஐஓஎஸ் இமேஜை (மென்பொருள் கோப்பு) நீங்களே கொண்டுவர வேண்டும். கண்ட இடத்தில் இறக்கிய இமேஜ் உரிமம் இல்லாதது, அதற்குள் வேறு என்ன இருக்கிறது என்றும் யாருக்கும் தெரியாது. சிஎம்எல்லில் இமேஜும் சேர்ந்தே வருவதால் அந்தத் தலையிடி இல்லை.

மெஷினுக்கு 16 ஜிபி ரேம் அடிமட்டம், 32 இருந்தால் நிம்மதி. புதுசாக வாங்கத் தேவையில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் ஒஃபிஸ்களில் கழித்த பழைய டெஸ்க்டொப் கிடைக்கும். வாங்கும் முன் எத்தனை ரேம் ஸ்லொட் வெறுமையாக இருக்கிறது என்று மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், எஸ்எஸ்டியா என்றும் பாருங்கள். எம் வரிசைச் சிப் உள்ள மேக்புக்கை நம்பி இறங்க வேண்டாம், சிஎம்எல்லும் ஈவிஇயும் எக்ஸ்86 புரொசெசரில்தான் ஓடும்.

விண்டோஸில் விஎம்வேர் வேர்க்ஸ்டேஷன் போட்டு அதற்குள் சிஎம்எல்லை ஓட்டுவதுதான் வழமை. வேர்க்ஸ்டேஷன் இப்போது இலவசம். முதல் நாளே பலர் நின்றுவிடும் இடமும் இதுதான்: விடி-எக்ஸ் (புரொசெசரின் வேர்ச்சுவலைசேஷன் வசதி) ஆதரவு இல்லை என்று செய்தி வரும், பயோஸில் போய்ப் பார்த்தால் அது ஓனாகத்தான் இருக்கும். காரணம் விண்டோஸின் ஹைப்பர்-வி அதை முன்னமே பிடித்து வைத்திருப்பது. ஹைப்பர்-வியையும், விண்டோஸ் பாதுகாப்பில் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டியையும் நிறுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 பாவிப்பவராக இருந்தால் அது அப்போது ஓடாது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

டெஸ்க்டொப் என்றால் ஒரு சின்ன யூபிஎஸ் கட்டாயம். கரண்ட் எப்போது போகும் என்று யாரால் சொல்ல முடியும், இரண்டு மணித்தியாலம் கட்டிய டொப்பொலொஜி (சாதனங்களை இணைத்த அமைப்பு) ஒரு நொடியில் போய்விடும். லேப்புக்குள் ரவுட்டரில் சேமிப்பது ஒரு பக்கம், சிஎம்எல்லில் கட்டமைப்பை வெளியே எடுத்துக் கோப்பாக வைப்பது இன்னொரு பக்கம். இரண்டையும் ஒவ்வொரு இரவும் செய்யுங்கள்.

4. பாடங்களை இந்த ஒழுங்கில் எடுங்கள்

பாடநூலின் முதல் அத்தியாயத்திலிருந்து நேராகப் போக வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று எழும்பும் ஒழுங்கு வேறு.

முதலில் லேயர் 2: ட்ரங்க், ஈதர்சனல் (பல கேபிளை ஒன்றாகச் சேர்ப்பது), சுவிட்சுகளுக்கு இடையே சுற்று உண்டாகாமல் தடுக்கும் ஆர்எஸ்டிபி, எம்எஸ்டி. இது உறுதியாக இல்லாவிட்டால் பின்னால் எந்த லேப்பும் ஏன் வேலை செய்யவில்லை என்று தெரியாது, ரவுட்டிங்கில் பிழை தேடிக்கொண்டு இருப்பீர்கள், பிழையோ ட்ரங்கில் இருக்கும். ஈதர்சனலில் இரண்டு பக்கமும் பாசிவ் என்று போட்டுவிட்டு ஏன் எழும்பவில்லை என்று கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஈதர்சனலை அமைக்கும் எல்ஏசிபியில் ஒரு பக்கமாவது அக்டிவாக இருந்தால்தான் பேச்சு தொடங்கும்.

அடுத்தது ஓஎஸ்பிஎஃப், பல ஏரியாவோடு. இதற்கு மற்ற எதையும் விட அதிக நேரம் கொடுங்கள். பிறகு பிஜிபி. பிஜிபியை முதலில் எடுத்தால் நெக்ஸ்ட்-ஹொப்புக்குப் போகும் பாதை ரவுட்டிங் டேபிளில் இருக்க வேண்டும் என்ற விதி மனதில் ஒட்டாது. நெட்வேர்க் கட்டளையில் போடும் மாஸ்க் ரவுட்டிங் டேபிளில் உள்ளதோடு அச்சொட்டாகப் பொருந்த வேண்டும் என்பதையும் இந்த இடத்தில் மனதில் பதியுங்கள், பிஜிபி விளம்பரம் செய்யவில்லை என்று வரும் முறைப்பாட்டில் பெரும்பகுதி அதுதான்.

அதற்குப் பிறகு எச்எஸ்ஆர்பி, விஆர்ஆர்பி (ஒரு ரவுட்டர் விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்கும் முறைகள்), நாட் (முகவரி மாற்றம்), என்டிபி (நேர ஒத்திசைவு). இவை சின்னப் பாடங்கள், ஒரு போயா விடுமுறையில் இரண்டு முடிக்கலாம். எச்எஸ்ஆர்பியில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முன்னுரிமையைக் கூட்டினால் மட்டும் ரவுட்டர் அக்டிவாக மாறாது, அந்த இடத்தைப் பறித்துக்கொள்ளச் சொல்லும் பிரிஎம்ப்ட் போட வேண்டும். விஆர்ஆர்பியில் பிரிஎம்ப்ட் தானாகவே இருக்கும். இந்த வித்தியாசம் கேள்விக்கென்றே செய்து வைத்த மாதிரி.

பிறகு விஆர்எஃப் (ஒரே ரவுட்டரில் தனித்தனி ரவுட்டிங் டேபிள்), ஜிஆர்ஈ, ஐபிசெக் டனல்கள். அதற்குப் பிறகுதான் விஎக்ஸ்லான், லிஸ்ப், அவற்றின் மேல் மென்பொருளால் இயக்கும் எஸ்டி-அக்சஸ். ஒரு கடிதத்தை உறையோடு இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்புவதுதான் விஆர்எஃப் தவிர மற்றவற்றுக்கு அடிப்படை. அதை ஜிஆர்ஈயில் கையால் கட்டிப் பார்த்தவருக்கு விஎக்ஸ்லான் வந்ததும் உள்ளே எது, வெளியே எது என்று கேட்கத் தெரியும். எஸ்டி-அக்சஸில் கட்டுப்பாட்டுக்கு லிஸ்ப், தரவுக்கு விஎக்ஸ்லான், கொள்கைக்கு ட்ரஸ்ட்செக் என்ற மூன்று வரியையும் மனப்பாடம் செய்யாமலே புரிந்துகொள்வார்.

விஆர்எஃப் லேப்பில் எல்லாரும் ஒரு தடவை திகைப்பார்கள். இன்டர்ஃபேஸில் விஆர்எஃபை ஏற்றியதும் அதில் இருந்த ஐபி முகவரி அழிந்துவிடும். ரவுட்டர் ஒரு வரி எச்சரிக்கை தரும், யாரும் வாசிப்பதில்லை. விஆர்எஃபை முதலில் ஏற்றி, ஐபியைப் பிறகு கொடுப்பதைக் கைப்பழக்கம் ஆக்குங்கள்.

பாதுகாப்புப் பகுதி கடைசியில் வரட்டும், அங்கே பாதுகாப்பதெல்லாம் நீங்கள் இதுவரை கட்டியதைத்தான். யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் ட்ரிபிள் ஏ (ஏஏஏ) லேப்பில் உள்ளூர்ப் பயனர் கணக்கை முதலில் உருவாக்குங்கள், அதன் பிறகே ஏஏஏ நியூ-மொடல் கட்டளை. மாற்றிச் செய்தால் கதவுக்கு வெளியே நிற்பீர்கள். லேப்பில் பரவாயில்லை, வேலைத்தலத்தில் கதை வேறு. ரவுட்டரின் சொந்த மூளையைப் பாதுகாக்கும் சிஓபிபியில் ஏசிஎல்லின் (போக்குவரத்தைத் தெரிவு செய்யும் விதிப் பட்டியல்) பெர்மிட் அனுமதி தருவதில்லை, இந்த வகைப் போக்குவரத்தைப் பிடி என்றுதான் சொல்கிறது. அனுமதிப்பதும் கட்டுப்படுத்துவதும் பொலிசி மேப்பின் வேலை.

5. ஒவ்வொரு லேப்பையும் செய்யும் முறை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் என்றால் இதை வாசியுங்கள்.

வீடியோவில் ஆசிரியர் அடிக்கும் கட்டளையைப் பார்த்துப் பார்த்து அடித்து, பிங் போனதும் அடுத்த லேப்புக்குப் போவது பயிற்சி இல்லை. அதில் விரலுக்கு மட்டும்தான் வேலை. ஒரு லேப்பை நான்கு படியாகச் செய்யுங்கள்.

முதலில் டொப்பொலொஜியைக் கொப்பியில் வரையுங்கள். இரண்டாவது, என்டர் தட்டும் முன் வெளியீடு எப்படி வரும் என்று எழுதுங்கள். மூன்று சுவிட்சை முக்கோணமாக இணைத்திருக்கிறீர்களா, எது ரூட் பிரிட்ஜ், எந்தப் போர்ட் தடுக்கப்படும் என்று மெக் முகவரியைப் பார்த்து எழுதிவிட்டுத்தான் ஷோ ஸ்பானிங்-ட்ரீ அடிக்க வேண்டும். மூன்றாவது, எழுதியதையும் வந்ததையும் ஒப்பிடுங்கள். பிழைத்த இடம் எதுவோ அதுதான் உங்களுக்குத் தெரியாத பாடம், அன்றைய வாசிப்பை அங்கே தொடங்குங்கள். நான்காவது, வேலை செய்யும் லேப்பை வேண்டுமென்றே உடையுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்.

உடைப்பது என்றால் என்ன என்று ஓர் உதாரணம். ஆர்1, ஆர்2 என்று இரண்டு ரவுட்டர், நடுவில் ஒரு ஈதர்நெட் கேபிள், இரண்டிலும் லூப்பேக், ஓஎஸ்பிஎஃப் ஓடுகிறது. எல்லாம் சரியாக இருக்கும்போது ஆர்1இன் இன்டர்ஃபேஸில் மட்டும் நெட்வேர்க் வகையைப் பொயின்ட்-டு-பொயின்ட் ஆக்குங்கள். ஆர்2 வழமையான பிரோட்காஸ்டிலேயே இருக்கட்டும். என்ன நடக்கும் என்று எழுதுங்கள்.

அநேகமானோர் அயலுறவு விழும் என்று எழுதுவார்கள். மறுபடி எழும்பி, ஃபுல் நிலையிலேயே நிற்கும். இரண்டு வகைக்கும் ஹலோ 10 வினாடி, டெட் 40 வினாடி, ஹலோ பாக்கெட்டில் நெட்வேர்க் வகை என்று ஒரு புலமே இல்லை, ஆகவே சண்டை போட ஒன்றும் இல்லை. ஆனால் ரவுட்டிங் டேபிளைப் பாருங்கள், எதிர்ப்பக்க லூப்பேக் காணாமல் போயிருக்கும். நேரடி இணைப்பில் பிங் போகும், லூப்பேக்குக்குப் போகாது.

இந்த இடத்தில் ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பரை இரண்டு பக்கமும் அடித்து நிலையைக் காட்டும் நெடுவரிசையை மட்டும் பாருங்கள். ஆர்1இல் ஃபுல் என்பதற்குப் பிறகு சாய்கோடும் ஒரு சிறு கோடும் மட்டும் இருக்கும், டிஆர் (பொது நெட்வேர்க்கில் தலைமை ரவுட்டர், அதற்குப் பதிலாள் பிடிஆர்) யாரும் இல்லை. ஆர்2இல் அதே இடத்தில் டிஆர் அல்லது பிடிஆர் என்று இருக்கும். ஒரே கேபிள், இரண்டு பக்கமும் இரண்டு கதை. ஆர்1 தன் எல்எஸ்ஏவில் (ஓஎஸ்பிஎஃப் பரப்பும் இணைப்பு விவரம்) இதை நேர் இணைப்பு என்று எழுதுகிறது, ஆர்2 இதை டிஆர் உள்ள பொது நெட்வேர்க் என்று எழுதுகிறது, பாதையைக் கண்டுபிடிக்கும் எஸ்பிஎஃப் கணக்கில் இரண்டும் ஒன்றோடு ஒன்று பொருந்தாததால் பாதை உருவாகவில்லை. டேட்டாபேஸைத் திறந்தால் விளம்பரம் செய்த ரவுட்டரை அடைய முடியவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கும்.

இதை ஒரு தடவை உங்கள் கையாலேயே உடைத்துத் தேடியவர், பரீட்சையில் இரண்டு பக்க வெளியீட்டையும் தந்து ஏன் பாதை இல்லை என்று கேட்டால் அரை நிமிடத்தில் பதில் சொல்வார். வாசித்து மட்டும் வைத்திருப்பவர் ஃபுல் என்பதைக் கண்டதும் ஓஎஸ்பிஎஃப் சரி என்று முடிவு செய்து ஏசிஎல்லைத் தேடப் போவார்.

இதே மாதிரி ஒரு பக்கம் எம்டியூவை (பாக்கெட்டின் உச்ச அளவு) மாற்றுங்கள், அயலுறவு எக்ஸ்ஸ்டார்ட் நிலையில் சிக்கும். ஏரியா எண்ணை மாற்றுங்கள், அயலவரே தெரிய மாட்டார். ஜிஆர்ஈ டனலின் முடிவிடத்துக்குப் போகும் பாதையை டனலுக்குள்ளேயே கற்றுக்கொள்ள விடுங்கள், டனல் விழுந்து விழுந்து எழும்பும். ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் மூன்று வரி: என்ன உடைத்தேன், எந்தக் கட்டளையில் தெரிந்தது, ஏன். கடைசி வாரத்தில் உங்களுக்கு அந்தக் கொப்பி போதும், வேறு நோட்ஸ் தேவைப்படாது.

6. லேப் இல்லாத பாடங்கள்

எஸ்டி-வான் (கிளைகளை மென்பொருளால் இணைத்து நிர்வகிப்பது), எஸ்டி-அக்சஸ், உங்கள் பதிப்பில் இருந்தால் வயர்லெஸ். இவற்றுக்கு வீட்டில் கட்டமைத்துப் பார்க்க வழி குறைவு, கேட்பதும் பெரும்பாலும் விளக்கத்தைத்தான். ஒரு வெள்ளைத் தாளில் கூறுகளைப் பெட்டியாக வரைந்து, யார் யாரோடு எந்த வழியில் பேசுகிறார்கள் என்று அம்பு போடுங்கள். எஸ்டி-வானில் புதிய சாதனம் முதலில் யாரைத் தேடிப் போகிறது, பாதை விவரத்தை யார் பரிமாறுகிறார், நிர்வாகத் திரை எது. பழைய பெயர்களான விபொண்ட், விஸ்மார்ட், விமனேஜ் இப்போது வலிடேட்டர், கொன்ட்ரோலர், மனேஜர் என்று மாறியிருக்கின்றன, இரண்டு வரிசையையும் தெரிந்து வையுங்கள்.

வரைந்ததை யாருக்காவது தமிழில் விளக்குங்கள். வெள்ளவத்தையில் இருப்பவர்கள் தமிழ்ச் சங்க நூலகத்தில் தனியாக வாசிக்கலாம், ஆனால் விளக்குவதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். நானறிந்து நன்றாகப் படித்த குழுக்களில் மூன்று பேருக்கு மேல் இருந்ததில்லை. வட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர் இருந்தால் பிடிஎஃப்தான் சுற்றும், விளக்கம் சுற்றாது.

7. ஓட்டோமேஷனை முதல் வாரத்திலிருந்தே தொடுங்கள்

கேபிளோடும் சிஎல்ஐயோடும் (கட்டளை அடிக்கும் திரை) வளர்ந்தவர்கள் இந்தப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளி, பிறகு விட்டே விடுகிறார்கள். 15 சதவீதத்தைச் சும்மா கொடுக்கிறீர்கள். நிரல் எழுதும் வேலைக்கு யாரும் உங்களைக் கூப்பிடவில்லை, வாசிக்கத் தெரிந்தால் பெரும்பகுதி முடிந்தது.

தினமும் இருபது நிமிடம் போதும். ஜேசன் (தரவை எழுதும் ஒரு வடிவம்) கோப்பில் எங்கே பிழை என்று கண்டுபிடியுங்கள்: கடைசி உறுப்புக்குப் பிறகு கொமா, இரட்டை மேற்கோளுக்குப் பதில் ஒற்றை, பைதன் பழக்கத்தில் பெரிய எழுத்தில் ட்ரூ. சாதனங்களை நிரலால் கட்டமைக்கும் இரண்டு வழிகளில் நெட்கொன்ஃப் எஸ்எஸ்எச் மேல் டிசிபி 830இல் ஓடும், ரெஸ்ட்கொன்ஃப் எச்டிடிபிஎஸ் மேல் ஓடும். ரெஸ்ட்கொன்ஃப் கோரிக்கைகளில் புட் உள்ளதை முழுவதும் மாற்றி வைக்கும், பட்ச் தந்ததை மட்டும் சேர்க்கும். பதிலாக 401 வந்தால் நீங்கள் யார் என்று நிரூபிக்கவில்லை, 403 வந்தால் ஆளைத் தெரியும், அனுமதி இல்லை. டெவ்நெட் சாண்ட்பொக்ஸில் சிஸ்கோ இலவசமாகத் தரும் சாதனத்துக்குப் போஸ்ட்மேனால் ஒரு கெட் கோரிக்கை அனுப்பி, இன்டர்ஃபேஸ் பட்டியல் ஜேசனாகத் திரும்பி வருவதைப் பாருங்கள். அதற்குப் பிறகு பயம் இருக்காது.

8. மாதிரிக் கேள்வி எப்போது

நாங்கள் ஓஎல், ஏஎல் எல்லாம் பாஸ்ட் பேப்பர் செய்தே வந்தவர்கள். பத்து வருடப் பேப்பர் செய்தால் பரீட்சை கைக்குள் வந்துவிடும் என்ற நம்பிக்கை எலும்பில் ஊறியிருக்கிறது. அதனால்தான் டம்ப் (வெளியே கசிந்த பரீட்சைக் கேள்விகள்) கேட்டு அலைவது எங்கள் ஆட்களுக்குப் பிழையாகவே தெரிவதில்லை.

ஆனால் அந்தப் பேப்பர்கள் பரீட்சைத் திணைக்களம் எல்லாருக்கும் வெளியிட்டவை. டம்ப் என்பது பரீட்சை மண்டபத்திலிருந்து களவாக வந்தது. ஒவ்வொரு பரீட்சைக்கும் முன் நீங்கள் ஏற்றுக்கொள்ளும் இரகசிய ஒப்பந்தத்தை மீறுவது, பிடிபட்டால் சான்றிதழே போகும். அதை விடப் பெரிய நட்டம் வேறு: அவற்றில் விடைகள் நிறையப் பிழை, பிழையான விடையை உறுதியாக மனப்பாடம் செய்துகொண்டு வேலைக்குப் போவீர்கள். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளியே வரும்.

முறையான மாதிரிக் கேள்விகள், பாடநூலோடு வருபவை மாதிரி, தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் முதல் நிறத் தலைப்புகளின் லேப் முடிந்த பிறகு. விடை சரியா என்று பார்ப்பதோடு நில்லாமல் மற்ற மூன்று விடையும் ஏன் பிழை என்று எழுதுங்கள். பரீட்சை ஆங்கிலத்தில்தான் வரும், நீண்ட கேள்வியின் கடைசி வரியை முதலில் வாசித்து எதைக் கேட்கிறார்கள் என்று அறிந்துகொண்டு மேலே போவதையும் இந்தக் கட்டத்தில் பழகுங்கள்.

9. பதிவு: பெயரில் கவனம்

பியர்சன் வியூ வழியாகத்தான் பதிவு. என்கோர் கட்டணம் 400 டொலர், எங்கள் காசில் ஒரு லட்சத்துக்கு மேல் போகும். கார்ட்டில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா, எல்லை எவ்வளவு என்று முன்கூட்டியே வங்கியில் கேளுங்கள்.

தமிழர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஒஃபிஸில் முதலெழுத்தோடு ஒரு பெயர், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக, சிலருக்கு அது குடும்பப் பெயர் இடத்தில், சிலருக்கு மற்றப் பெயர்கள் இடத்தில். பதிவில் உள்ள பெயர் அடையாள ஆவணத்தோடு ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள், காசும் போகும். கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து, அதில் எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். பழைய லமினேட் அடையாள அட்டையில் ஆங்கில எழுத்தில் பெயர் இல்லாததால் அதை நம்பிப் போக வேண்டாம். கையொப்பம் உள்ள இரண்டாவது அடையாளமும் ஒன்று கொண்டுபோங்கள்.

சிசிஎன்ஏ எழுதியபோது கிடைத்த சிஸ்கோ எண் இருக்கும். அதே கணக்கையே பாவியுங்கள், புதிய மின்னஞ்சலில் இன்னொன்று திறந்தால் இரண்டு பரீட்சையும் இரண்டு ஆளின் பெயரில் நிற்கும்.

வீட்டிலிருந்து ஒன்லைனில் எழுதவும் முடியும். பிளட்டில் நாலு பேரோடு இருப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இடையில் யாராவது அறைக்குள் எட்டிப் பார்த்தாலே பரீட்சையை நிறுத்தும் உரிமை கண்காணிப்பவருக்கு உண்டு, இணையம் விழுந்தால் அது வேறு. மையத்துக்குப் போங்கள்.

10. பரீட்சை நாள்

இரவு ஷிப்ட் முடித்த காலையில் நேரம் எடுக்காதீர்கள். காலி வீதியில் வருபவர்கள் ஒஃபிஸ் நேரத்து நெரிசலைக் கணக்கில் வைத்து, பத்து மணிக்குப் பிந்திய நேரத்தைத் தெரிவு செய்தால் வேர்த்து விறுவிறுத்து உள்ளே போக வேண்டி வராது.

120 நிமிடம். விடை கொடுத்து அடுத்ததுக்குப் போனால் திரும்பி வர முடியாது. இது எங்கள் பரீட்சைப் பழக்கத்துக்கு நேர் எதிர், தெரியாததை விட்டுவிட்டுப் பிறகு பார்க்கும் வழி இல்லை. தெரியாத கேள்வியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காமல், பிழையானவற்றை வெட்டி, மிச்சத்தில் ஒன்றைப் போட்டு நகருங்கள்.

செயல்முறை லேப் கேள்விகளும் வரும். அங்கே முதலில் எல்லாப் பணிகளையும் வாசியுங்கள், பிறகு ஏற்கெனவே என்ன கட்டமைப்பு இருக்கிறது என்று பாருங்கள், அதற்குப் பிறகு அடியுங்கள். வாசிக்காமல் அடித்துவிட்டு முதல் பணி இரண்டாவதை உடைப்பதைக் கண்டு திணறுவதுதான் வழமையான பிழை. கேட்டதை மட்டும் செய்யுங்கள், அழகுபடுத்த வேண்டாம். ஒவ்வொரு பணிக்கும் ஷோ கட்டளையால் சரிபார்த்து, சேமித்துவிட்டே அடுத்ததுக்குப் போங்கள்.

11. அதற்குப் பிறகு

சித்தி பெறாவிட்டால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம். அந்த ஐந்து நாள் முடிந்த கையோடு போக வேண்டாம். பெறுபேற்றுத் தாளில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகச் சதவீதம் இருக்கும், அதை உங்கள் மூன்று நிறப் பிளூபிரிண்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உட்கட்டமைப்பு குறைவென்றால் உடைக்கும் லேப் போதவில்லை. ஓட்டோமேஷன் குறைவென்றால் ஒரு மாதம் தினமும் வாசித்தால் சரி.

சித்தி பெற்றால் என்கோருக்கு மட்டும் ஒரு ஸ்பெஷலிஸ்ட் சான்றிதழ் உடனே கிடைக்கும், மூன்று வருடம் செல்லுபடி. அதே சித்தி இதற்கு மேற்படியான சிசிஐஇயின் லேப் பரீட்சைக்குப் போகும் தகுதியும் கூட. சிசிஎன்பி முழுமையாவது இரண்டாவது பரீட்சையோடு. வேலையில் ரவுட்டிங் பார்ப்பவர் 300-410 எனார்சியை எடுங்கள், 90 நிமிடம், 300 டொலர், உள்ளடக்கம் பெரும்பாலும் பிழை தேடுவது. என்கோருக்குக் கட்டிய லேப்பைக் கலைக்காமல் அதே வாரத்தில் அதில் இஐஜிஆர்பியையும் ஓட்டி, ஓஎஸ்பிஎஃப்போடு இரண்டு ரவுட்டரில் ரீடிஸ்ட்ரிபியூட் (ஒன்றின் பாதைகளை மற்றதற்குள் கொடுப்பது) செய்து, பாதைச் சுற்று (லூப்) எங்கே உண்டாகிறது என்று தேடத் தொடங்குங்கள்.